நீல ஒயரும் தலை தீபாவளியும்

செப்டம்பர் 18, 1996 – புதன்

சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தால் ராமாமணி டெலிபோனும் கையுமாக நிற்கிறாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் பங்காரம்மா. இரண்டு பேரும் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்கள். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். என் வீட்டில், என் டெலிபோனில், எனக்குத் தெரியாமல் அப்படி என்ன ரகசியம்?

கேட்டேன். "தலை தீபாவளிங்க. பாப்பாவும் மாப்பிள்ளையும் வராம போயிட்டா சொந்தத்துல தலைகாட்ட முடியுமாங்க?" என்றாள். இன்னும் ஐப்பசியே பிறக்கவில்லை, அதற்குள் ஒப்பாரி.

வராமல் எங்கே போவார்கள்? எனக்கு இருப்பது ஒரே பெண். ஆடியில் கோபித்துக்கொண்டு போன பிரீத்திகா இன்றுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் போனில் பேசுகிறாள். நான் எடுத்தால் வைத்துவிடுகிறாள். பில் மட்டும் நான் கட்ட வேண்டும்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? ஆடி விருந்தில் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தோம். ராமாமணியின் அண்ணன் கெங்குசாமி, "தொழில் எப்படிங்க போகுது மாப்பிள்ளை?" என்று கேட்டார். அவன் வாயில் சோறு. அதனால் நான் சொன்னேன்: "அவருக்கென்னங்க, கேசட்டுல பாட்டுப் புடிச்சுக் குடுக்கறாரு. நீங்களும் ஒரு காலி கேசட்டோட போனீங்கன்னா உங்களுக்கும் புடிச்சுக் குடுப்பாரு." பந்தியே சிரித்தது. பொய்யா சொன்னேன்? அவன் தாத்தா காலத்தில் மில் நடத்திய குடும்பம். மில்லை மூடிய பிறகு ஒரு ஃபவுண்டரி போட்டிருக்கலாம், ஒரு லேத் போட்டிருக்கலாம். ஆர்.எஸ்.புரத்தில் வீட்டுக்குக் கீழேயே கேசட் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறான் சாய்கிருஷ்ணா. உண்மையைச் சொன்னால் ரோசம்.

அவன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மறுநாள் காலையில் பிரீத்திகாவும் கிளம்பிவிட்டாள். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "எலைல உக்காந்திருக்கற மனுசனை யாரும் அப்படிப் பேச மாட்டாங்க நைனா."

எனக்கே இலை மரியாதை சொல்லிக்கொடுக்கிறாள்.

செப்டம்பர் 22 – ஞாயிறு

ரகசியம் வெளியே வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு ஆசையாம். காரில் சப்வூபர் வைத்துப் பாட்டுக் கேட்க வேண்டுமாம். அவனிடம் கார் கிடையாது, ஒரு பழைய ஸ்கூட்டர்தான். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதை.

சப்வூபர் என்றால் என்னவென்று ராமாமணிக்கும் தெரியவில்லை. கம்பெனியில் விசாரித்தேன். பாட்டில் வரும் 'தும் தும்' சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டியாம். மீதிப் பாட்டுக்கு வேறு ஸ்பீக்கர். குழம்புக்கு ஒரு இலை, சோற்றுக்கு ஒரு இலை போடுகிற மாதிரி.

செப்டம்பர் 25 – புதன்

யோசித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க நான் ஒன்றும் செய்யவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் தலை தீபாவளிக்கு மாமனார் சீர் செய்வது வழக்கம். நம் எஸ்டீம் கார் வாங்கி இரண்டு வருசம்தான் ஆகிறது, கீறல் கிடையாது. அதில் அந்த தும் தும் பெட்டியை வைத்து, தீபாவளியன்று நானே ஓட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

ராமாமணியிடம் சொன்னேன். "கார் எதுக்குங்க? பக்கத்துல போய் நாலு வார்த்தை பேசுனா போதுமே" என்றாள். நாலு வார்த்தையாம். கார் சுலபம்.

செப்டம்பர் 30 – திங்கள்

உக்கடத்தில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருக்கும் சாஹிலிடம் போனேன். அவன் அப்பா அப்துல் குத்தூஸ் அந்தக் காலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தவர். இவன் சிங்கப்பூர்ச் சாமானை வைத்துக்கொண்டு சினிமா செட் மாதிரி கடையைப் போட்டிருக்கிறான். ஒரு கறுப்பு ஜப்பான் பெட்டியைக் காட்டினான். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறதாம், தனியாக வேண்டாமாம். கனம் நம் அரை எச்.பி. மோட்டார் அளவு இருக்கும். மோட்டாராவது தண்ணீர் இறைக்கும்.

"உடுங்கணா, பசங்களை விட்டு நானே மாட்டிக் குடுக்கறேன்" என்றான்.

எனக்கு ஒயர் மாட்டிக் கொடுக்கிறானாம். முப்பது வருசமாக மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தியூரிலிருந்து பொள்ளாச்சிவரை எத்தனை கிணற்றில் என் மோட்டார் ஓடுகிறது என்று இவனுக்குத் தெரியுமா? பெட்டியையும் ஒயர்களையும் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அவன் விடவில்லை. ஒவ்வொரு ஒயராகத் தொட்டுத் தொட்டு விளக்கினான். தடிச் சிவப்பு பேட்டரிக்கு, நடுவில் ஒரு ஃபியூஸ். கறுப்பு, பெயின்டைச் சுரண்டிவிட்டு கார் பாடிக்கு. பாட்டு வருகிற ஒயர் தனி. கடைசியில் நூல் மாதிரி ஒரு நீல ஒயர்.

"இது சின்னதா இருக்குதேன்னு அலட்சியமா உட்றாதீங்கணா. ஸ்டீரியோவுக்குப் பின்னாடி இருக்கற நீல ஒயரோட இதைச் சேக்கோணும். பாட்டுப் போட்டாப் பொட்டி முழிச்சுக்கும். நிறுத்துனாத் தூங்கிப்போகும்."

முழித்துக்கொள்ளவும் தூங்கவும் அதென்ன கைக்குழந்தையா?

அக்டோபர் 6 – ஞாயிறு

இன்று வேலை நடந்தது. துணைக்கு நம் கம்பெனியில் காயில் கட்டும் மேஸ்திரி நஞ்சப்பனை வரச் சொல்லியிருந்தேன். போர்ட்டிகோவில் காரை நிறுத்தி, கார்ப்பெட்டைத் தூக்கி, பேட்டரியிலிருந்து டிக்கிவரை ஒயர் இழுத்தோம். கடைக்காரன் கொடுத்த சிவப்பு ஒயரை நான் தொடவே இல்லை. அதே சிவப்பில் நம் கம்பெனிச் செப்பு ஒயரைப் போட்டேன்.

நஞ்சப்பனின் கை வேலையைச் சொல்ல வேண்டும். எல்லா ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, மோட்டார் காயிலுக்குக் கட்டுகிற மாதிரி பருத்தி நூலால் சாண் சாணாகக் கட்டி, மேலே வார்னிஷும் அடித்துவிட்டான். கொடியில் முல்லைச் சரம் போல ஒரே சீராக இருந்தது. சாஹிலின் பசங்கள் மாட்டிய கார்களில் ஒயரெல்லாம் வாழை நார் மாதிரி ஆளுக்கொரு பக்கம் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். தொழில் தெரிந்தவனுக்கும் கடை வைத்திருக்கிறவனுக்கும் அதுதான் வித்தியாசம்.

பாட்டு ஒயரை முன் கதவு ஸ்பீக்கரிலிருந்தே எடுத்துவிட்டேன். நீல ஒயரில்தான் கொஞ்சம் யோசனை வந்தது. ஸ்டீரியோவைக் கழற்றினால்தான் அதன் பின்பக்கத்தைப் பார்க்க முடியும். கழற்றினால் டேஷ்போர்டில் கீறல் விழும். எதற்கு அந்த வம்பு? நம் பக்கத் தோட்டங்களில் த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று எவனுக்கும் தெரியாது. அதனால் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைப்போம். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். யாரும் ஓடிப்போய் சுவிட்சைத் தட்ட வேண்டியதில்லை. அதே கணக்குதான். நீல ஒயரைப் பெட்டியிலேயே சிவப்பு ஒயரோடு சேர்த்து முறுக்கிவிட்டேன். பெட்டி எப்போதும் தயாராக இருக்கும்.

"ஆட்டோல போட்டாச்சுங்களா?" என்றான் நஞ்சப்பன்.

"போட்டாச்சு."

"அதுதானுங்க நல்லது."

பெட்டியின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்டோபர் 7 – திங்கள்

எஞ்சினைப் போட்டுப் பாட்டைப் போட்டால் கூடவே ஒரு சத்தம். 'ஙொய்ய்' என்று கொசு காதுக்குள் போன மாதிரி. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து உயர்கிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. எஞ்சினை நிறுத்தினால் பாட்டு சுத்தமாக இருக்கிறது.

பெட்டிதான் சரியில்லை. ஜப்பான்காரன் நமக்குக் கழிசடையை அனுப்புகிறான்.

அக்டோபர் 9 – புதன்

பெட்ரோல் பங்க் மாற்றிப் பார்த்தேன். ஙொய்ய்.

அக்டோபர் 10 – வியாழன்

ராமாமணியை உட்கார வைத்து அவிநாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தேன். சத்தம் கேட்கிறதா என்றேன். "பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. இந்த நாதஸ்வரம் மட்டும் சுருதி சேரலை" என்றாள். நாதஸ்வரம் எங்கே வந்தது? வேண்டுமென்றே சொல்கிறாள்.

அக்டோபர் 12 – சனி

வேறு வழியில்லாமல் உக்கடம் போனேன். சாஹில் காரில் ஏறவே இல்லை. டிக்கியைத் திறந்தான், நஞ்சப்பனின் கட்டைப் பார்த்தான், தடவிக்கூடப் பார்த்தான்.

"என்னங்கணா இது, பொண்ணுக்குச் சடை பின்னுன மாதிரி இருக்குது."

"பின்னே, தொங்க விடுவாங்களா?"

"பேட்டரி ஒயரும் பாட்டு ஒயரும் ஒட்டிட்டுப் போகக் கூடாதுங்கணா. இதுல ஓடற கரண்டோட இரைச்சல் அதுல ஏறிக்கும். இதை இந்தக் கதவுப் பக்கம் உடுங்க, அதை அந்தக் கதவுப் பக்கம் உடுங்க. சரியாப்போகும்." அப்புறம், "அந்த நீல ஒயரு?" என்று குனிந்தான்.

"அதெல்லாம் சரியா இருக்குது" என்று டிக்கியைச் சாத்திவிட்டேன். எல்லாவற்றையும் இவனிடம் காட்டிக்கொண்டிருக்க முடியுமா?

அக்டோபர் 13 – ஞாயிறு

நஞ்சப்பனின் கட்டை நானே அறுத்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கட்டுனதுல குத்தமுங்களா?" என்று கேட்டான். இல்லை, ஜப்பான்காரனுக்கு நம் கட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். இரண்டு ஒயரையும் இரண்டு பக்கமாக விட்டோம். சத்தம் நின்றுவிட்டது.

இந்த யோசனை எனக்கே நேற்றுக் காலையில் தோன்றியிருந்தது. சாஹிலைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

இப்போது அந்த தும் தும் இருக்கிறதே, முதுகில் யாரோ உள்ளங்கையால் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது. கேட்க ஒன்றும் மோசமில்லை. இதை ராமாமணியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 3 – ஞாயிறு

தலை தீபாவளிக்கு முறைப்படி அழைக்கத் தட்டு, பழம், வெற்றிலையோடு ராமாமணி ஆர்.எஸ்.புரம் போய்வந்தாள். நானும் போக வேண்டுமாம். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்தவள் தட்டை வைத்துவிட்டு நேராக உள்ளே போனாள். கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை, "அவ இஷ்டமுங்க அத்தை" என்றாராம். பாப்பா, "நைனா வந்து கூப்பிட்டா வாரோம். வராட்டி இங்கயே எண்ணெய் தேச்சுக் குளிச்சுக்கறோம்" என்றாளாம்.

பங்காரம்மா எவ்வளவோ சொன்னாளாம். கேட்கவில்லை. இந்தப் பிடிவாதம் இந்தப் பெண்ணுக்கு யாரிடமிருந்து வந்ததோ.

"பெத்த பொண்ணைக் கூப்பிடறதுக்கு என்னங்க கௌரவம்?" என்று அழுதாள் ராமாமணி. நான்தான் போகப் போகிறேனே. காரோடு போகிறேன். அது இவளுக்குத் தெரியாதா? எதற்கு அழ வேண்டும்? எனக்கு மட்டும் நெஞ்சு கல்லாலா செய்திருக்கிறது? பாப்பா ரூமில் அவள் படித்த மேஜையை இன்னும் எடுக்காமல்தானே வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

நவம்பர் 7 – வியாழன்

காரைக் கழுவி, மெழுகு போட்டு, கவர் போட்டு மூடிவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே எடுப்பது. கடைசியாக டிக்கியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது. நம் வேலை என்றால் அப்படி.

நவம்பர் 10 – ஞாயிறு. தீபாவளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு, காருக்கு மாலை போட்டு, சாவியைத் திருப்பினேன். 'டிக்'. அவ்வளவுதான். இன்னொரு முறை. 'டிக்'. மூன்றாவது முறை அந்த டிக் கூட இல்லை. ஹார்ன் அடிக்கவில்லை, லைட் எரியவில்லை. டிக்கியைத் திறந்தேன். சிவப்பு விளக்கு செத்துப்போயிருந்தது.

அப்போதே புரிந்துவிட்டது. மூன்று நாளாகக் கார் ஓடாமல் நிற்க, இந்தப் பெட்டி தூங்காமல் கிடந்து பேட்டரியை உறிஞ்சிக் குடித்திருக்கிறது. தோட்டத்து மோட்டாருக்குக் கரண்டு கம்பத்திலிருந்து வரும். இதற்குக் கம்பம் எங்கே இருக்கிறது? இது எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருசம். தூ.

பத்து மணிக்குக் கெங்குசாமி குடும்பம், என் தம்பி குடும்பம் எல்லாம் வந்துவிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால், கம்பெனி ஆட்கள் எல்லாம் அவரவர் வீட்டில். ராமாமணி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். பீளமேட்டுச் சந்து முழுக்க வாசலில் நின்று பட்டாசு வெடிப்பதை விட்டுவிட்டு எங்களைத்தான் பார்த்தது. முக்குவரை தள்ளியும் உசிர் வரவில்லை.

ஆட்டோக்காரன் எவனும் வரவில்லை. கம்பெனி ஷெட்டில் மூன்று சக்கர லோடு டெம்போ நின்றது. பின்னால் சனிக்கிழமை ஏற்றிய பம்புகள் அப்படியே இருந்தன. இறக்க நேரம் ஏது? ஏறினேன். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் திருமண், கையில் லோடு டெம்போ ஹேண்டில். அவிநாசி ரோட்டில் ஒரு பையன் என்னைக் காட்டி அவன் அப்பாவிடம் ஏதோ சொன்னான். சொல்லட்டும்.

வழியெல்லாம் ஒரே யோசனைதான். சாவியை நீட்டலாம் என்று இருந்தேன். இப்போது கையில் என்ன இருக்கிறது? என்ன சொல்லுவேன்? அந்த நாலு வார்த்தையை ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் போய் நிறுத்தினேன். சத்தம் கேட்டு மாடியில் பாப்பா வந்து எட்டிப் பார்த்தாள். எண்ணெய்க் குளியல் முடித்த தலையில் துண்டு. என்னைப் பார்த்தாள், டெம்போவைப் பார்த்தாள், பின்னால் இருந்த பம்புகளைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். என் கண் கலங்கிவிட்டது. புகை என்று துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை கீழே இறங்கி வந்தார். "வாங்க மாமா."

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "காரு ஸ்டார்ட் ஆகலீங்க மாப்பிள்ளை."

தலை தீபாவளிக்கு அழைக்க வந்த மாமனார் வாசலில் நின்று பேசும் பேச்சா இது? மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "பிரீத்தி, மாமா காரு நின்னுபோச்சாம். பொறப்படு, போய்ப் பாக்கலாம்."

"கூப்பிட வந்தாங்களா, மெக்கானிக் தேடி வந்தாங்களா?" என்றாள் மேலேயிருந்து.

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

அவள் உடனே உள்ளே போய்விட்டாள். போச்சு என்று நினைத்தேன். புடவை மாற்றத்தான் போயிருக்கிறாள்.

ஸ்கூட்டரில் வருகிறோம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். தனித்தனியாகப் போனால் அழைத்து வந்ததாக ஆகாதென்று பங்காரம்மா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை டெம்போவை ஓட்டினார். பாப்பா பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்தாள். நான் பின்னால், பம்புகளோடு. லட்சுமி மில் சிக்னலில் எங்கள் பம்ப் கம்பெனிகள் அசோசியேஷன் செக்ரட்டரி வேலுமணி ஸ்கூட்டரில் வந்து நின்றான். "ஏனுங்க, டெலிவரிங்களா, தீபாவளியும் அதுவுமா?" என்றான். ஆமாம் என்றேன்.

எல்லோரும் வந்து, முக்கில் நின்ற காரைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு வைத்தியம். கெங்குசாமி, "மச்சான் ஏதோ பாட்டுப் பொட்டி வெச்சிருக்கறாருங்க, அதுலதான் வில்லங்கம்" என்று ஆரம்பித்திருந்தார். அவர் வாய்க்கு மெல்ல அவல் கிடைத்தாகிவிட்டது.

மாப்பிள்ளை டிக்கிக்குள் குனிந்தார். பெட்டியைத் தடவினார். நீல ஒயரைப் பிடித்து மெதுவாகப் பின்தொடர்ந்தார். அது சிவப்பில் முறுக்கிய இடத்துக்கு வந்தார். அங்கேயே விரலை வைத்துக்கொண்டு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஆடி மாதம் சிரித்த அதே ஆட்கள்தான் சுற்றி நிற்கிறார்கள். ஒரு வாக்கியம் போதும். 'மோட்டார் கம்பெனி ஓனருக்கு ஒரு ஒயர் மாட்டத் தெரியலீங்க' என்றால் சாகும்வரை அந்தச் சிரிப்பு என் பின்னாலேயே வரும்.

அந்த முறுக்கைப் பிரித்துவிட்டு, நீல ஒயரை கார்ப்பெட்டுக்கு அடியில் செருகினார். நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"பேட்டரிக்கு வயசாயிருச்சுங்க. அவ்வளவுதான். மாமா வயரிங் அருமையாப் பண்ணியிருக்கறாரு."

கெங்குசாமி காரிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்தோம். அப்புறம் பந்தி. மாப்பிள்ளைக்கு நானே பரிமாறினேன். அவர் போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினார். நான் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். விட்டிருக்கவே மாட்டேன்.

நவம்பர் 12 – செவ்வாய்

பேட்டரி மாற்றியாகிவிட்டதா என்று கெங்குசாமி போன் செய்து கேட்கிறார். "மாப்பிள்ளையே சொல்லிட்டாரே, இன்னும் மாத்தலீங்களா?" நல்ல பேட்டரி. சார்ஜ் போட்டால் இன்னும் இரண்டு வருசம் வரும். என்ன செய்ய? புதுசு வாங்கி மாட்டினேன். உக்கடம் வழியாகப் போகாமல் சுங்கம் பக்கமாகச் சுற்றிப் போய் வாங்கினேன். சாஹில் கண்ணில் பட்டால் நீல ஒயரைப் பற்றிக் கேட்பான்.

நவம்பர் 13 – புதன்

மாப்பிள்ளை தனியாக வந்தார். ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்திருந்தார். கீறல் விழாமல் ஸ்டீரியோவைக் கழற்றி, நீல ஒயரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்து, மூடிவிட்டார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடித்ததும் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"காரு உங்ககிட்டயே இருக்கட்டுங்க மாமா. எங்க சந்துல நிறுத்த எடமில்லீங்க. ஞாயித்துக்கிழமை நாங்க இங்க வந்து கேட்டுக்கறோம்."

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டேன். எல்லா ஞாயிற்றுக்கிழமையும்தானுங்க என்றார்.

நவம்பர் 24 – ஞாயிறு

வந்தார்கள். வாளையார்வரை போய்வந்தோம். முன்னால் அவர்கள், பின்னால் நாங்கள். ராமாமணி தூங்கிவிட்டாள். அந்த தும் தும் சத்தத்தில் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ. பாப்பா திரும்பிப் பார்த்து, "சத்தம் ஜாஸ்தியா நைனா?" என்றாள். பத்தவில்லை என்றேன்.

டிசம்பர் 8 – ஞாயிறு

வரவில்லை. மாப்பிள்ளைக்குக் காய்ச்சலாம். சாயங்காலம் நானே கஷாயப் பொடியோடு போனேன். கடை பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் கடையை மூடினால் அந்தத் தெருவில் எத்தனை பேர் வந்து திரும்பிப் போகிறார்கள் என்று வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவு கூட்டம் வரும் என்று நினைக்கவில்லை.

ஜனவரி 23, 1997 – வியாழன்

மாப்பிள்ளை சென்னைக்குச் சரக்கெடுக்கப் போயிருக்கிறார். மூன்று நாளாகக் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் காது உள்ளவனே கிடையாது என்று இப்போதுதான் தெரிகிறது.

மத்தியானம் ஒருத்தன் வந்தான். கூலிங்கிளாஸ், கழுத்தில் கைக்குட்டை. போன வாரம் மாப்பிள்ளை பதிந்து கொடுத்த கேசட்டைத் தூக்கி மேஜையில் போட்டு, "அடி சத்தம், அதானுங்க அந்த தும் தும், பத்தலீங்க" என்றான். வாங்கி நம் செட்டில் போட்டுக் கேட்டேன். தங்கம் மாதிரி இருக்கிறது. எங்கே உயர வேண்டுமோ அங்கே உயர்ந்து, எங்கே அடங்க வேண்டுமோ அங்கே அடங்கி. ஒரு பாட்டுக்காக அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எத்தனை முறை திருப்பித் திருப்பிக் கேட்பார் என்று இந்த மூஞ்சிக்குத் தெரியுமா? "உங்க செட்டைத் தூக்கிக் குப்பைல போடுங்க. மொதல்ல காதைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கழுதைகளுக்குக் கற்பூரம் விற்பது எவ்வளவு கஷ்டம்.

சத்தம் கேட்டுப் பாப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் கரண்டி. "நைனா, இது மூணாவது ஆளு. அவரு ஊர்ல இருந்து வரதுக்குள்ள ஒருத்தரையும் மிச்சம் வெக்க மாட்டீங்க போலிருக்குது."

"தப்பாப் பேசுனான் கண்ணு."

"பேசட்டும். நாளைக்கு நீங்க கடைப் பக்கமே வரக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

சரி, நாளைக்குக் கம்பெனியில் கிடக்கிற வேலையைப் பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். இரண்டு படி ஏறியவள் நின்றாள். "கடைக்குத்தான் வரக் கூடாதுன்னேன். சாப்பாட்டுக்கு வந்துருங்க. மாடிக்குப் பின்பக்கமாவும் படி இருக்குது" என்றாள்.